பேம்பர்க் கடைக்காரர் மகள்: நிக்கி ஹேலியின் அரசியல் கணக்கு

அமெரிக்காவின் தென்பகுதியில், சவுத் கரோலினா மாநிலத்தில், பேம்பர்க் என்று ஒரு சிற்றூர். 1970களில் அங்கே ஆண்டுதோறும் சிறுமிகளுக்கான அழகுப் போட்டி நடக்கும். அந்தப் போட்டியில் ஒரு விசித்திரமான வழக்கம் இருந்தது. வெள்ளையர் சிறுமி ஒருவருக்கு ஒரு கிரீடம், கறுப்பினச் சிறுமி ஒருவருக்கு ஒரு கிரீடம் என்று இரண்டு 'ராணி'களைத் தேர்ந்தெடுப்பார்கள்.

ஓராண்டு, சீக்கியக் குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு சகோதரிகள் மேடை ஏறினார்கள். நடுவர்கள் குழம்பிப் போனார்கள். இந்தப் பிள்ளைகளை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? வெள்ளையர் பக்கம் சேர்த்தால் அவர்கள் கோபப்படுவார்கள், கறுப்பினத்தவர் பக்கம் சேர்த்தால் இவர்கள் கோபப்படுவார்கள். கடைசியில் இருவரையும் போட்டியிலிருந்து நீக்கினார்கள். பாட்டுப் பாடிய இளைய சிறுமியின் கையில் ஆறுதல் பரிசாகக் கடற்கரையில் விளையாடும் பந்து ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்கள்.

பந்தோடு வீட்டுக்குப் போன அந்தச் சிறுமிதான் பின்னாளில் அதே மாநிலத்தின் ஆளுநரானார். ஐக்கிய நாடுகள் மன்றத்தில் அமெரிக்காவின் தூதராக அமர்ந்தார். 2024இல் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராக வர முயன்று, டோனல்ட் டிரம்ப்பை எதிர்த்துக் களத்தில் கடைசி வரை நின்றார். அவர்தான் நிக்கி ஹேலி.

இந்திய வம்சாவளியினர் உலக அரசியலில் உயரும்போதெல்லாம் நம் வீடுகளில் ஒரு பெருமிதப் பேச்சு எழும். கமலா ஹாரிஸுக்குத் துளசேந்திரபுரம், ரிஷி சுனாக்குக்குப் பஞ்சாப் என்று ஊர் பேரைத் தேடுவோம். ஆனால் அந்தப் பெருமிதத்தோடு நின்றுவிடாமல், அவர்கள் எந்தக் கொள்கையோடு நின்றார்கள், எதைக் கொடுத்து எதைப் பெற்றார்கள் என்று பார்ப்பதும் அவசியம். அந்தக் கண்ணோட்டத்தில் நிக்கி ஹேலியின் கதை, சிறுபான்மையினராக வாழும் நமக்குப் பல கேள்விகளை எழுப்பக்கூடியது.

*அமிர்தசரஸிலிருந்து அமெரிக்கத் தெற்குக்கு*

1972ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் தேதி நிமரத்தா நிக்கி ரந்தாவா என்ற பெயரில் பேம்பர்க்கில் பிறந்தவர் அவர். 'நிக்கி' என்பது பலர் நினைப்பது போல அமெரிக்கர்களுக்காக வைத்துக்கொண்ட பெயர் அல்ல. பஞ்சாபியில் 'சின்னவள்' என்று பொருள். நம் வீடுகளில் கடைக்குட்டியைப் 'பாப்பா' என்று அழைப்பது போல.

தந்தை அஜித் சிங் ரந்தாவாவும் தாய் ராஜ் கௌரும் பஞ்சாபின் அமிர்தசரஸ் மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். தந்தை பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். 1960களில் கனடாவுக்குப் போய், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, 1969இல் சவுத் கரோலினாவுக்கு வந்தார். அவருக்கு வேலை கொடுத்தது வெள்ளையர்களின் பெரிய பல்கலைக்கழகம் அல்ல. கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட வூர்ஹீஸ் கல்லூரி. தலைப்பாகை கட்டிய அந்தப் பேராசிரியரின் குடும்பம்தான் பேம்பர்க்கில் குடியேறிய முதல் இந்தியக் குடும்பம்.

பள்ளியில் ஆசிரியராக வேலை பார்த்த தாய், 1976இல் துணிமணிகளும் பரிசுப் பொருள்களும் விற்கும் 'எக்ஸாட்டிக்கா' என்ற கடையைத் தொடங்கினார். சிறிய அளவில் தொடங்கிய அந்த வணிகம் பின்னர் பெரிதாக வளர்ந்தது. நிக்கி அந்தக் கடையின் கணக்குப் புத்தகத்தை எழுதத் தொடங்கியபோது அவருக்குப் பதின்மூன்று வயது. மளிகைக் கடையிலும் பூக்கடையிலும் பள்ளி முடிந்து வந்து கல்லாவில் உட்கார்ந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இந்தப் படம் புதிதல்ல. வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, வரி எவ்வளவு என்று அந்த வயதிலேயே தெரிந்துகொண்டதுதான் தமது அரசியலின் அடித்தளம் என்று பின்னாளில் அவர் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். சம்பாதிப்பது எவ்வளவு கடினம், அதை அரசாங்கம் எடுத்துக்கொள்வது எவ்வளவு சுலபம் என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்ன கருத்து.

கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் கணக்கியல் படித்தார். சிறிது காலம் கழிவு மேலாண்மை நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்துவிட்டு, மீண்டும் குடும்பக் கடைக்கே வந்தார். 1996இல் மைக்கல் ஹேலியைத் திருமணம் செய்துகொண்டார். சீக்கிய முறைப்படியும் மெதடிஸ்ட் கிறிஸ்துவ முறைப்படியும் இரண்டு சடங்குகள் நடந்தன. அடுத்த ஆண்டு அவர் கிறிஸ்துவத்தைத் தழுவினார். பெற்றோர் சீக்கியர்களாகவே தொடர்ந்தனர்.

*முப்பது ஆண்டுகள் இருந்தவரை வீழ்த்திய புதியவர்*

இங்கே ஒரு சிறு விளக்கம் தேவை. நம் நாட்டில் எந்தத் தொகுதியில் யார் நிற்பது என்பதைக் கட்சித் தலைமை முடிவு செய்யும். அமெரிக்காவில் அப்படியில்லை. கட்சியின் வேட்பாளர் யார் என்பதையே வாக்காளர்கள் தேர்தல் வைத்து முடிவு செய்வார்கள். இதை முதற்கட்டத் தேர்தல் என்கிறார்கள். கட்சித் தலைமைக்குப் பிடிக்காதவர்கூட மக்களிடம் நேராகப் போய் வாக்குக் கேட்டு வேட்பாளராகிவிடலாம். நிக்கி ஹேலியின் முழு அரசியல் வாழ்வும் இந்த வாசல் வழியாகத்தான் திறந்தது.

2004இல் மாநிலச் சட்டமன்றத்தில் லெக்சிங்டன் வட்டாரத்தின் ஒரு தொகுதிக்கு அவர் போட்டியிட்டார். எதிரே நின்றவர் லேரி கூன். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அந்த இடத்தில் இருந்தவர். முதல் சுற்றில் நிக்கி இரண்டாவதாக வந்தார். யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காததால் மறுசுற்று நடந்தது. அதில் வென்றார். சவுத் கரோலினாவில் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் இந்திய வம்சாவளியினர் அவர்தான்.

சட்டமன்றத்துக்குள் போனதும் அவர் கையில் எடுத்த பிரச்சினை, கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். பல மசோதாக்கள் 'ஆம்' என்று உரக்கக் குரல் கொடுப்பதன் மூலமே நிறைவேறிக்கொண்டிருந்தன. எந்த உறுப்பினர் எப்படி வாக்களித்தார் என்பதற்குப் பதிவே இல்லை. ஒவ்வொரு மசோதாவிலும் ஒவ்வோர் உறுப்பினரின் வாக்கும் பெயரோடு பதிவாக வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். சொந்தக் கட்சித் தலைவர்களே எரிச்சலடைந்தார்கள். அவர் இருந்த முக்கியமான குழுவிலிருந்து அவரை நீக்கினார்கள். அந்தத் தண்டனையே அவருக்கு மாநிலம் முழுவதும் பெயர் வாங்கிக் கொடுத்தது. பின்னர் ஆளுநரானதும், 2011இல் அதே விதியைச் சட்டமாக்கிக் கையொப்பமிட்டார்.

*2010: நான்கு முனைப் போட்டி*

அமெரிக்காவில் 'கவர்னர்' என்பவர் நம் மாநிலங்களில் இருக்கும் மாட்சிமை பொருந்திய பதவியினர் போன்றவர் அல்ல. மந்திரி புசாரைப் போல நிர்வாகத்தை நடத்துபவர். அதோடு மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுபவர்.

2010இல் அந்தப் பதவிக்கு நிக்கி போட்டியிட்டபோது, அவரைப் பெரிதாக யாரும் எண்ணவில்லை. குடியரசுக் கட்சிக்குள்ளேயே எதிர்த்து நின்றவர்கள் மூவரும் பெரிய தலைகள்: நாடாளுமன்ற உறுப்பினர் கிரெஷாம் பேரட், மாநிலத் தலைமைச் சட்ட அதிகாரி ஹென்றி மெக்மாஸ்டர், துணை ஆளுநர் ஆண்ட்ரே பவர். நிக்கியிடம் பணமும் குறைவு, பெயரும் குறைவு. ஆனால் அது 'டீ பார்ட்டி' அலை வீசிய ஆண்டு. வரி குறைய வேண்டும், அரசாங்கம் சுருங்க வேண்டும், பழைய அரசியல்வாதிகள் வீட்டுக்குப் போக வேண்டும் என்ற கோபம் பழமைவாத வாக்காளர்களிடம் கொதித்துக்கொண்டிருந்தது. அந்தக் கோபத்துக்கு ஏற்ற முகமாக நிக்கி இருந்தார். சேரா பேலின் நேரில் வந்து ஆதரவு தெரிவித்ததும் நிலைமை மாறியது.

போட்டி சூடு பிடித்தபோது அசிங்கமும் வந்தது. அவரது கட்சியைச் சேர்ந்த ஒரு மாநில செனட்டரே, தலைப்பாகை அணிபவர்களை இழிவுபடுத்தும் சொல்லால் அவரைக் குறிப்பிட்டார். தனிப்பட்ட வாழ்க்கையைப் பற்றிய குற்றச்சாட்டுகளும் கிளம்பின. அவற்றை நிக்கி மறுத்தார்; எதுவும் நிரூபிக்கப்படவில்லை. முதல் சுற்றில் ஏறக்குறைய 49 விழுக்காடு வாக்கு அவருக்கு. மறுசுற்றில் 65 விழுக்காடு. நவம்பரில் ஜனநாயகக் கட்சியின் வின்சென்ட் ஷஹீனை வென்று, 38 வயதில் நாட்டின் மிக இளைய ஆளுநரானார். அந்த மாநிலத்தின் முதல் பெண் ஆளுநர், வெள்ளையரல்லாத முதல் ஆளுநர் என்ற இரண்டு பெருமைகளும் அவருக்கே. இந்திய வம்சாவளி ஆளுநர் என்ற வகையில், லூசியானாவின் பாபி ஜிந்தாலுக்கு அடுத்தவர்.

*ஆட்சியில் அவர் செய்தவை*

'பழமைவாதி' என்றதும் பழைய சடங்கு சம்பிரதாயங்களைக் கட்டிக்காப்பவர் என்று நாம் எண்ணிக்கொள்வோம். அமெரிக்க அரசியலில் அதன் பொருள் சற்று வேறு. குறைந்த வரி, சிறிய அரசாங்கம், தொழில்முனைவோருக்குக் கட்டுப்பாடற்ற சூழல், கருக்கலைப்புக்கு எதிர்ப்பு, துப்பாக்கி வைத்திருக்கும் உரிமை, கண்டிப்பான எல்லைக் காவல் ஆகியவை அதன் தூண்கள். ஆளுநர் ஹேலி இந்தத் தூண்களில் எதையும் அசைக்கவில்லை.

தொழிலாளர்களுக்கு: தொழிற்சங்கங்களை அவர் வெளிப்படையாகவே எதிர்த்தார். சங்கம் உள்ள நிறுவனங்கள் தமது மாநிலத்துக்கு வர வேண்டியதில்லை என்றே பேசினார். போயிங் விமான நிறுவனம் அங்கே ஆலை அமைத்ததை எதிர்த்து நடுவண் தொழிலாளர் வாரியம் வழக்குத் தொடுத்தபோது, நிறுவனத்தின் பக்கம் உறுதியாக நின்றார். 2015இல் வால்வோ தனது முதல் அமெரிக்கக் கார் ஆலையை அங்கே அமைக்க முடிவு செய்தது. அவர் பதவியேற்றபோது பத்து விழுக்காட்டுக்கு மேல் இருந்த வேலையின்மை, அவர் விலகியபோது பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. நாடு முழுவதும் பொருளாதாரம் மீண்ட காலம் அது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

குடியேறிகளுக்கு: 2011இல் கடுமையான குடியேற்றச் சட்டத்தில் கையொப்பமிட்டார். தம் பெற்றோர் சட்டப்படி வந்தார்கள், வரிசையில் நின்றார்கள், செலவு செய்தார்கள். சட்டத்தை மீறி வருபவர்கள் அவர்களை அவமதிக்கிறார்கள் என்பது அவரது வாதம். குடியேறிகளின் மகளே இப்படிச் செய்யலாமா என்று எதிர்ப்பாளர்கள் கேட்டார்கள்.

ஏழைகளுக்கு: அதிபர் ஒபாமாவின் சுகாதாரத் திட்டத்தின்கீழ் வறியவர்களுக்கான 'மெடிகேய்ட்' மருத்துவக் காப்புறுதியை விரிவாக்க நடுவண் அரசு பணம் தர முன்வந்தபோது, வேண்டாம் என்று மறுத்தார். பின்னாளில் மாநிலம் சுமக்க முடியாத செலவாகும் என்றார். அந்த மறுப்பால் பல ஏழைக் குடும்பங்கள் காப்புறுதி இல்லாமல் போயின என்பது விமர்சகர்களின் கணக்கு.

வாக்காளர்களுக்கு: வாக்களிக்கப் புகைப்பட அடையாள அட்டையைக் கட்டாயமாக்கினார். கறுப்பினத்தவர் பலரிடம் அத்தகைய அட்டை இல்லை என்று கூறி நடுவண் அரசு தடுத்தது. வழக்கு நடந்து, சில தளர்வுகளுடன் 2012இல் நீதிமன்றம் அனுமதித்தது.

பெண்களுக்கு: 2016இல், கருவுற்று இருபது வாரங்களுக்குப் பிறகு கருக்கலைப்பைப் பெரும்பாலும் தடை செய்யும் சட்டத்தில் கையொப்பமிட்டார்.

அவரது ஆட்சியில் சறுக்கல்களும் இருந்தன. 2012இல் மாநில வரித்துறைக் கணினிகளுக்குள் ஊடுருவியவர்கள் ஏறத்தாழ 36 லட்சம் சமூகப் பாதுகாப்பு எண்களைத் திருடிச் சென்றார்கள். நம் அடையாள அட்டை எண் போன்று, ஒருவரின் வாழ்நாள் முழுவதும் தொடரும் எண் அது. நிர்வாகத் திறனைப் பெரிதாகப் பேசிய கணக்காளருக்கு அது பெரும் தலைக்குனிவு. இத்தனைக்கும் பிறகு 2014 தேர்தலில் அவர் முன்பைவிடப் பெரிய வித்தியாசத்தில் வென்றார்.

*பழக்கடையும் கொடியும்*

2015ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் தேதி. சார்ல்ஸ்டன் நகரில், கறுப்பினத்தவரின் வரலாற்றுப் புகழ்பெற்ற இமானுவேல் தேவாலயத்தில் வேதபாட வகுப்பு நடந்துகொண்டிருந்தது. புதிதாக வந்து அமர்ந்த ஒரு வெள்ளை இளைஞனை அவர்கள் வரவேற்றார்கள். வகுப்பின் முடிவில் அவன் துப்பாக்கியை எடுத்து ஒன்பது பேரைக் கொன்றான். அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலங்களின் கான்ஃபெடரேட் கொடியோடு அவன் எடுத்துக்கொண்ட படங்கள் பின்னர் வெளிவந்தன.

அதே கொடி அப்போது சட்டமன்ற வளாகத்திலும் பறந்துகொண்டிருந்தது. 2010இலும் 2014இலும் அந்தக் கொடியைப் பற்றிக் கேட்டபோது, அதை அகற்ற நிக்கி முன்வரவில்லை. பழைய சமரச உடன்பாட்டைக் கலைக்க வேண்டாம் என்றார். எந்த நிறுவனத் தலைவரும் தம்மிடம் அதைப் பற்றிக் குறைசொன்னதில்லை என்றும் பேசினார். ஒன்பது உயிர்கள் போன பிறகுதான் அவர் மாறினார். சில நாள்களில், இரு கட்சித் தலைவர்களையும் அருகில் நிறுத்திக்கொண்டு, கொடி இறங்க வேண்டும் என்று அறிவித்தார்.

அது அவர் ஒருவரால் ஆகிற காரியமல்ல. சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரு பங்கு ஆதரவு வேண்டும். சொந்தக் கட்சி உறுப்பினர்களைத் தனியாகச் சந்தித்து அவர் ஒரு கதை சொன்னார். சிறுவயதில் தந்தையோடு காரில் போகும்போது, சாலையோரப் பழக்கடை ஒன்றில் நிறுத்தினார்கள். தலைப்பாகை கட்டிய மனிதர் பழங்களைப் பொறுக்குவதைப் பார்த்ததும் கடைக்காரர்கள் பதறிப்போய் போலீசை அழைத்துவிட்டார்கள். இரண்டு போலீஸ்காரர்கள் வந்து நின்றார்கள். தந்தை பழங்களுக்குப் பணம் கொடுத்தார், கைகுலுக்கினார், நன்றி சொன்னார், காரில் ஏறினார். வீடு போய்ச் சேரும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. மகள் கவனிக்கவில்லை என்று அவர் நம்ப விரும்பினார். மகளோ, அந்தக் கடையைக் கடக்கும்போதெல்லாம் இன்றும் அந்த வலி தெரிகிறது என்றார். சட்டமன்றத்தைக் கடந்து போகும் எந்தப் பிள்ளைக்கும் அந்தக் கொடியைப் பார்த்து அப்படியொரு வலி வரக்கூடாது என்பதே அவரது வாதம்.

கீழவையில் 94-20 என்ற கணக்கில் மசோதா நிறைவேறியது. ஜூலை 10ஆம் தேதி கொடி இறங்கியது. அவரது அரசியல் வாழ்வில் மிக அதிகமானோர் பாராட்டிய செயல் அது. இவ்வளவு வலி மனத்தில் இருந்தும் அத்தனை ஆண்டுகள் ஏன் காத்திருந்தார் என்ற கேள்வியும் அதோடு சேர்ந்தே எழுந்தது.

*ஐநாவிலிருந்து அதிபர் களத்துக்கு*

2016இல் டிரம்ப்புக்கு எதிராக மார்க்கோ ரூபியோவை ஆதரித்தவர் நிக்கி. ஆனாலும் வெற்றி பெற்ற டிரம்ப் அவரை ஐநா தூதராக்கினார். செனட் 96-4 என்று ஒப்புதல் தந்தது. வடகொரியா மீதான தடைகள், இஸ்ரேலுக்கு முழு ஆதரவு, ஐநா மனித உரிமை மன்றத்திலிருந்து விலகல் ஆகியவற்றில் அவர் குரல் உரக்கக் கேட்டது. 2018 இறுதியில், பகையில்லாமல் விலகினார். பின்னர் போயிங் நிர்வாகக் குழுவில் சேர்ந்து, கோவிட் காலத்தில் அந்நிறுவனம் அரசாங்க உதவி கேட்டதை எதிர்த்து 2020இல் அதிலிருந்தும் விலகினார். சிறிய அரசாங்கம் என்ற கொள்கைக்காக நல்ல வருமானத்தை விட்டது அவரது ஆதரவாளர்கள் பெருமையாகச் சொல்லும் நிகழ்வு.

டிரம்ப் போட்டியிட்டால் நான் நிற்க மாட்டேன் என்று 2021இல் சொன்னவர், 2023 பிப்ரவரியில் மனம் மாறிக் களத்தில் இறங்கினார். அவர் முன்வைத்த திட்டங்கள் தெளிவானவை. எழுபத்தைந்து வயதைக் கடந்த அரசியல்வாதிகளுக்கு மனத்திறன் சோதனை. நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குத் தவணை வரம்பு. எரிபொருள் மீதான நடுவண் வரி நீக்கம். சட்டவிரோதக் குடியேறிகளை நாடு கடத்தல். உக்ரேனுக்குத் தொடர்ந்து ஆதரவு. சீனாவிடம் கடும் போக்கு. ஆளுநராக இருந்தபோது சீன நிறுவனம் ஒன்றை மாநிலத்துக்கு வரவேற்றதைப் போட்டியாளர்கள் தோண்டியெடுத்துக் கேட்டார்கள்.

இளம் ஊழியர்கள் கவனிக்க வேண்டிய ஒரு திட்டமும் அதில் இருந்தது. ஓய்வுக்கால நிதி வறண்டு வருகிறது. எனவே இப்போது இருபது வயதுகளில் இருப்பவர்களுக்கு ஓய்வு வயதை உயர்த்த வேண்டும் என்றார். ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்களைத் தொட மாட்டேன் என்றும் உறுதி சொன்னார். வாக்குக் கேட்கும் நேரத்தில் பொதுவாக எவரும் தொடாத விஷயம் இது. நம் ஊரில் ஊழியர் சேமநிதி வயது வரம்பைப் பற்றி ஒரு பேச்சு எழுந்தாலே எவ்வளவு சலசலப்பு வரும் என்பது நமக்குத் தெரியும்.

கருக்கலைப்பில் அவர் குரல் தணிந்தே ஒலித்தது. தாம் கருக்கலைப்புக்கு எதிரானவர்தான். ஆனால் செனட்டில் அறுபது வாக்கு இல்லாமல் நாடு தழுவிய தடை நடக்காது, நடக்காததை நடக்கும் என்று மக்களிடம் சொல்ல வேண்டாம் என்றார். நிதானமான பேச்சு என்று சிலரும், நழுவல் என்று சிலரும் சொன்னார்கள்.

அந்த விவாத மேடைகளில் நமக்கு ஆர்வமூட்டிய இன்னொரு காட்சியும் உண்டு. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தின் மகன் விவேக் ராமசாமியும் பஞ்சாபிக் குடும்பத்தின் மகள் நிக்கியும் நேருக்கு நேர் மோதிக்கொண்டார்கள். டிக்டாக்கைப் பற்றிய விவாதத்தில் நிக்கியின் மகளை விவேக் இழுத்தபோது, நிக்கி கடுஞ்சொல் ஒன்றை வீசினார். இந்திய வம்சாவளியினர் எல்லாரும் ஓரணி என்ற நம் நினைப்பை அந்த மேடை நொடியில் உடைத்தது.

*பெயரும் பதிலும்*

2023 டிசம்பரில், நியூ ஹாம்ப்ஷயர் கூட்டம் ஒன்றில் ஒருவர் எழுந்து, அமெரிக்க உள்நாட்டுப் போருக்குக் காரணம் என்ன என்று கேட்டார். அரசாங்கத்தின் பங்கு, தனிமனித சுதந்திரம் என்று நிக்கி சுற்றி வளைத்தார். அடிமை முறை என்ற சொல்லைச் சொல்லவே இல்லை. அடுத்த நாள், அடிமை முறைதான் காரணம், அது எல்லாருக்கும் தெரிந்ததே என்று விளக்கம் கொடுத்தார். கொடியை இறக்கியவருக்கே அந்தக் கேள்வி ஏன் தொண்டையில் சிக்கியது? தெற்கின் பழமைவாத வாக்காளர்களை நோகடிக்காமல் பேசிப் பழகிய இருபது ஆண்டுப் பழக்கம் என்பதே பலரின் கணிப்பு. சில வாரங்களில், அமெரிக்கா ஒருபோதும் இனவாத நாடாக இருந்ததில்லை என்றும் சொன்னார். இளமையில் இனவாதத்தைத் தாம் சந்தித்ததையும் அதே மூச்சில் ஒப்புக்கொண்டார்.

அவருடைய அடையாளம் அவரை விடவும் இல்லை. 2001இல் வாக்காளர் பதிவு அட்டையில் தம் இனத்தை 'வெள்ளையர்' என்று குறித்தது பத்தாண்டு கழித்துச் செய்தியாகி, பேச்சுக்கு ஆளாகியிருந்தது. இப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து அடி விழுந்தது. 2024 ஜனவரியில் டிரம்ப், அவரது பிறப்புப் பெயரை வேண்டுமென்றே திரித்து எழுதினார். அவர் பிறந்தபோது பெற்றோர் குடியுரிமை பெறவில்லை, எனவே அதிபராகத் தகுதியில்லை என்ற பொய்யான வாதத்தையும் பரப்பினார். அமெரிக்க மண்ணில் பிறந்தவருக்கு அந்தத் தகுதி உண்டு. ஆனால் உண்மையான அமெரிக்கரா என்ற சந்தேகத்தைக் கிளப்ப அது போதுமானதாக இருந்தது.

அயோவாவில் மூன்றாம் இடம். நியூ ஹாம்ப்ஷயரில் 43 விழுக்காடு பெற்றும் தோல்வி. அடுத்தது சொந்த மாநிலம். இரண்டு முறை ஆளுநராக்கிய அதே சவுத் கரோலினா, பிப்ரவரி 24ஆம் தேதி டிரம்ப்புக்கு ஏறக்குறைய 60 விழுக்காடு வாக்கும் அவருக்கு 40க்குச் சற்றுக் குறைவாகவும் தந்தது. மாநிலத்தின் பெருந்தலைகள் எதிர்ப்பக்கம் நின்றனர். 2010இல் அவரிடம் தோற்று, பின் அவர் விலகியதால் ஆளுநரான ஹென்றி மெக்மாஸ்டர் அங்கே இருந்தார். காலியான செனட் இடத்துக்கு 2012இல் அவரே நியமித்த டிம் ஸ்காட்டும் அங்கேதான் இருந்தார்.

வாஷிங்டன் நகரிலும் வெர்மாண்டிலும் மட்டும் வென்றார். குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் தேர்தல் ஒன்றில் வென்ற முதல் பெண் என்ற வரலாறு அதனால் அவருடையதானது. மார்ச் 6ஆம் தேதி விலகினார். அவர் விலகிய இரண்டு மாதங்களுக்குப் பிறகும் இந்தியானாவில் ஐந்தில் ஒருவர் அவருக்கே வாக்களித்தார். ஆனால் அவரோ, அதே மே மாதத்தில், தாம் டிரம்ப்புக்கே வாக்களிக்கப்போவதாக அறிவித்தார். ஜூலையில் கட்சி மாநாட்டு மேடை ஏறி ஆதரவும் தெரிவித்தார். நவம்பரில் வென்ற டிரம்ப், நிக்கிக்குத் தமது அரசாங்கத்தில் இடமில்லை என்று முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டார்.

*நாம் என்ன பார்க்கிறோம்?*

சவுத் கரோலினாவில் இந்தியர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவுதான். மலேசியாவில் நாம் ஏறக்குறைய 7 விழுக்காடு, சிங்கப்பூரில் 9. இந்த நாடுகளில் நம் அரசியல் பெரும்பாலும் 'நம்மவர் பிரதிநிதி' என்ற வழியில் வளர்ந்தது. நிக்கிக்கு அந்த வழியே இல்லை. தம் இனத்தவர் வாக்கு இல்லாத இடத்தில், பெரும்பான்மையினரின் வாக்கை அவர்களுடைய கொள்கையைப் பேசித்தான் வாங்க முடிந்தது. அந்தக் கொள்கையை அவர் நடிப்பாகப் பேசினார் என்று சொல்வது நியாயமாகாது. கடைக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு வரி மீது வரும் கோபம் உண்மையானது. ஆளுநராக இருந்தபோதே, 2014இல், அமிர்தசரஸ் பொற்கோயிலுக்குப் போய் வணங்கியதும் உண்மையானது.

ஆனாலும் அவர் கதையைப் படிக்கும் பெற்றோர் ஒருவர், அந்தப் பழக்கடைக் காட்சியில் சற்று நிற்காமல் போக முடியாது. நம் பிள்ளைகளுக்கும் நாம் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறோம்: பணத்தைக் கொடு, நன்றி சொல், வம்புக்குப் போகாதே, படித்து முன்னேறு. அஜித் சிங் ரந்தாவா அன்று செய்தது அதுவே. மகள் அரசியலில் பெரும்பாலும் அப்பாவின் வழியிலேயே போனார். பெயரைத் திரித்தபோதும், கணவர் ராணுவப் பணியில் ஆப்பிரிக்காவில் இருந்த நேரத்தில் அவர் எங்கே போனார் என்று டிரம்ப் கேலி செய்தபோதும், சில நாள் எதிர்த்துப் பேசிவிட்டு, கடைசியில் கைகுலுக்கிவிட்டுத்தான் காரில் ஏறினார்.

ஒரே ஒரு முறை, 2015 கோடையில், அந்தக் கடையில் நடந்ததை அவர் மூடிய அறைக்குள் தம் கட்சிக்காரர்கள் முன் வாய்விட்டுச் சொன்னார். அந்த ஒரு முறைதான், ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பறந்துகொண்டிருந்த கொடி இறங்கியது.